நாற்பத்தொன்றாம் அறை

வியாழக்கிழமை என்றாலே நோலீன் கிராடக்குக்குப் பிடிக்காது. அன்று காலை பத்து மணிக்குள் சிட்னியில் உள்ள கட்டடக் கலைஞரின் அலுவலகத்திலிருந்து கட்டடத்தின் புதிய மாடல் வந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும். அதைத் திறப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரியும், போன வாரம் முழுக்க வரைந்ததில் பாதி குப்பைக்குப் போகப்போகிறது என்று.

நியூகாசில் துறைமுகத்துக்குப் பின்பக்கம், கேரிங்டனில் இருந்தது அந்த இரும்புப் பட்டறை. ஒரு கட்டடம் எழும்புவதற்கு முன்னால் அதன் ஒவ்வொரு இரும்புத் துண்டையும் எந்த நீளத்தில் அறுக்க வேண்டும், எந்தக் கோணத்தில் சீவ வேண்டும், எங்கே துளை போட வேண்டும் என்று பட்டறை ஆட்களுக்கு வரைந்து கொடுப்பது நோலீனின் வேலை. பதினாறு வயதில் கப்பல் கட்டும் தளத்தில் மைப்பேனாவோடு தொடங்கியவள். தளத்தை மூடியபோது முப்பத்து மூன்று வயது. கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொண்டு இந்தப் பட்டறைக்கு வந்து சேர்ந்தாள். இப்போது அறுபத்திரண்டு. நிலக்கரி ஏற்றும் மேடை, பள்ளிக்கூடக் கூரை, ஆஸ்பத்திரி வராந்தா என்று எத்தனையோ வரைந்தாயிற்று. எதுவும் அவளை இப்படிப் பிழிந்து போட்டதில்லை.

இது வாரிங்கல் என்ற சிற்றூரின் நூலகம். பழைய நூலகத்தை ஆறு கொண்டுபோய்விட்டது. புதியதைக் கட்டித் தர வந்த இமோஜன் சார்கிஸ் என்ற கட்டடக் கலைஞர் ஊர் மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டு, தரையில் பெரிய தாளை விரித்து, வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு சிவப்பு ஸ்டிக்கரைக் கொடுத்திருந்தாள். நூலகத்துக்குள் நீங்கள் எங்கே உட்கார ஆசைப்படுகிறீர்களோ அங்கே ஒட்டுங்கள் என்று சொன்னாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ஒட்டினார்கள். வாசல், புத்தகம் வாங்கும் மேசை, கழிப்பறை ஆகியவற்றுக்கு இமோஜனின் அலுவலகம் முப்பது புள்ளிகளைச் சேர்த்தது. பிறகு கம்ப்யூட்டரிடம் விட்டார்கள். ஒவ்வொரு புள்ளியும் தனக்குக் கிட்டத்தில் உள்ள இடத்தையெல்லாம் தனதாக்கிக் கொண்டது. இரண்டு புள்ளிகளுக்குச் சரிபாதித் தூரத்தில் சுவர் எழுந்தது. இலைக்காம்பைக் குறுக்கே சீவி உருப்பெருக்கியில் வைத்தால் தெரியுமே, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஐந்து பக்கமும் ஆறு பக்கமுமாக ஒன்றைப் போல ஒன்று இல்லாத அறைகள், அப்படி ஒரு நூலகம் வந்து சேர்ந்தது.

பார்க்க அழகுதான். நோலீனே முதல் நாள் அப்படித்தான் சொன்னாள். அதன்பின் சுவர்கள் சந்திக்கும் மூலைகளை எண்ணினாள். நானூற்று எழுபத்தாறு. ஒவ்வொரு மூலையிலும் ஒரு தூண், தூணின் தலையில் மூன்று உத்தரங்கள். ஒரு மூலையின் கோணம் இன்னொன்றுக்கு வராது. ஒன்றை வரைந்து நகலெடுத்து ஒட்ட முடியாது. நானூற்று எழுபத்தாறையும் தனித்தனியாக வரைய வேண்டும்.

அதுகூடப் பரவாயில்லை. ஒரு புள்ளி நகர்ந்தால் அக்கம்பக்கத்து அறைகளும் சேர்ந்து நகர்ந்தன. தீயணைப்புத் துறை ஒரு கதவைத் தள்ளி வைக்கச் சொன்னது, இருபது மூலைகள் போயின. மேசையை அகலமாக்கினார்கள், முப்பத்தொரு மூலைகள். இப்படியே பதினாறு வியாழக்கிழமைகள். நோலீனின் வலது தோள் இறுகிப் போயிருந்தது. தலைவார வலது கை எழும்பவில்லை. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டாள்.

வீட்டில் கணவன் டிரெவர். அதே கப்பல் தளத்தில் கொதிகலன் செய்தவன். நுரையீரல் கெட்டு மூன்று வருஷமாக மூக்கில் குழாயோடு ஜன்னலோர நாற்காலியில் இருக்கிறான். ஆக்சிஜன் மெஷின் பகலெல்லாம் உறுமிக்கொண்டே இருக்கும். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

"இன்னைக்கு என்ன தள்ளினாங்க?" என்பான், அவள் கைப்பையை வைப்பதற்குள்.

"கழிப்பறையை. ஒரு மீட்டர்."

"ஊர்ல ஒருத்தனுக்கும் அவசரம் தாங்கலை போல."

அவள் சிரிக்கக்கூட மாட்டாள். ஷூவைக் கழற்றக் குனிந்தால் அப்படியே கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருப்பாள்.

அந்தப் பதினேழாவது வியாழக்கிழமை மாடலில்தான் நாற்பத்தொன்றாம் எண் அறை கெட்டது. கழிப்பறை ஒரு மீட்டர் நகர்ந்ததும் பக்கத்து அறைகள் அதை நெருக்கின. ஐந்து பக்கத்தோடு ஒழுங்காக இருந்த அறை ஒரு நுனியில் ஆப்பு மாதிரிக் கூராகிவிட்டது. இரண்டு சுவர்கள் பதினான்கு டிகிரியில் சந்தித்தன. நோலீன் அதையும் வரைந்து பட்டறைக்கு அனுப்பினாள். வரைவது அவள் வேலை.

மறுநாள் தேநீர் வேளையில் தவிதா லெய்யதாவுவா அந்த டிராயிங்கை எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தான். சமோவாக்காரன், பட்டறையின் தலைமை வெல்டர். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத மெல்லிய குரல்.

"ஆன்ட்டி, இதை யாரு போட்டது?"

"வரைஞ்சது நான். போட்டது கம்ப்யூட்டர்."

"அப்ப வெல்டிங்கையும் கம்ப்யூட்டரையே பண்ணச் சொல்லுங்க." காகிதத்தை மேசையில் விரித்து, இரண்டு உத்தரங்களுக்கு இடையில் இருந்த இடுக்கில் சுண்டுவிரலை வைத்தான். "இதுக்குள்ள வெல்டிங் டார்ச்சை விடணும்னா, கையைக் கழட்டி வீட்டுல வெச்சுட்டு வரணும். உள்பக்கம் வெல்டிங் பிடிக்காது. வெளிய பூசி மூடிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனா நான் மாட்டேன்."

"நீ பண்ண வேண்டாம். இதைப் போல இன்னும் இருக்கா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதானே எல்லாத்தையும் பாத்தீங்க."

அதுதான் அவளைக் குத்தியது. பார்த்திருக்கிறாள். அசதியில் பார்த்துக்கொண்டே வரைந்து தள்ளியிருக்கிறாள். அன்று மாலைக்குள் எல்லா மூலைகளையும் திரும்பப் பார்த்து, டார்ச் நுழையாதவற்றைத் தாளில் எழுதினாள். நாற்பத்தொன்றையும் சேர்த்து இருபத்து நான்கு இருந்தன.

பட்டறை முதலாளி கிராண்ட் பார்க்கின் சிட்னிக்கு மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினான். மாடலில் எந்த இரும்பும் எதனோடும் மோதவில்லை, கணக்கு சரியாக இருக்கிறது என்று மூன்று முறையும் பதில் வந்தது.

"கணக்கு சரிதான்னு அவங்க சொல்றாங்க, நோலீன்," என்றான் கிராண்ட். "நீங்க என்ன சொல்றீங்க?"

"நானும் கணக்கு சரின்னுதான் சொல்றேன். கைதான் போகலை."

மூன்றாவது பதில் வந்த அன்று சாயங்காலம் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது நோலீனின் கை நின்றுவிட்டது. தொட்டித் தண்ணீர் மேல் சோப்பு நுரை. குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. எங்கே பார்த்தாலும் மூன்று சுவர்கள்தான் சந்தித்தன, மூன்றும் ஏறக்குறைய ஒரே இடைவெளியில். ஆப்பு மாதிரி ஒரு மூலை எங்கேயும் இல்லை. ஓரத்தில் ஒரு குமிழி உடைந்தது. பக்கத்தில் இருந்தவை நெருங்கி வந்தன. ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு குமிழிகளுக்கு நடுவில் இருந்த சுவர் குறுகிக் குறுகிக் காணாமல் போய், இரண்டும் பிரிந்தன. அதுவரை தொடாமல் இருந்த வேறு இரண்டு குமிழிகள் சட்டென்று ஒட்டிக்கொண்டன. மறுபடி எல்லாம் அமைதியாகிவிட்டது.

"பாத்திரம் கழுவுறியா, இல்ல ஜோசியம் பாக்குறியா?" என்றான் டிரெவர் நாற்காலியிலிருந்து.

"இங்க வந்து பாரேன்."

"நுரையைப் பாக்க நான் எந்திரிச்சு வரணுமா? நாலு எட்டுக்கு நாப்பது மூச்சு ஆகும், நோல்."

அவளே ஒரு கிண்ணத்தில் நுரையை அள்ளிக் கொண்டுபோய் அவன் மடியில் வைத்தாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு அவன் வெகுநேரம் பார்த்தான்.

"இது வெல்டிங் பண்ணலாம்," என்றான் கடைசியில். "எல்லா மூலையிலயும் கை போகும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை நோலீன் சிட்னிக்கு ரயில் ஏறினாள். மடியில், நாற்பத்தொன்றாம் அறையின் அந்தக் கூர் மூலை. உத்தரங்களின் முழு அளவில் தவிதா பிளைவுட்டில் செய்து கொடுத்தது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் பயணம். எதிர் இருக்கைப் பெண் அதையே பார்த்துக்கொண்டு வந்து, பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"நாய்க்கு வீடா?"

"லைப்ரரி," என்றாள் நோலீன். அதற்கு மேல் விளக்கத் தெம்பில்லை.

இமோஜன் சார்கிஸ் மரியாதையானவள். நாற்பது வயதிருக்கும். அவளும் அசந்துதான் போயிருந்தாள். மேசையில் ஆறிய காபிக் கோப்பைகள் நான்கு இருந்தன. நோலீன் பிளைவுட்டை அவற்றுக்கு நடுவில் வைத்தாள்.

"உள்ள கையை விடுங்க."

"மன்னிக்கணும், எதுக்கு?"

"வெல்டர் கை போகுமான்னு பாக்கத்தான். உங்க கை சின்னக் கை. விட்டுப் பாருங்க."

இமோஜன் விட்டாள். விரல்கள் போயின, முட்டி நின்றது. எடுக்கும்போது மோதிரம் மாட்டிக்கொண்டது. கையைத் திருப்பித் திருப்பி எடுத்துவிட்டு, மோதிரம் கீறிய இடத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

"இப்ப கையில டார்ச் இருக்குன்னு வெச்சுக்கோங்க. தடி கையுறை, முகத்துல கவசம். நாள் முழுக்க."

"நான் திரையில பாத்தப்ப பெரிசா இருந்துச்சு," என்றாள் இமோஜன்.

"திரையில எனக்கும்தான் பெரிசா இருந்துச்சு."

நோலீன் நுரையைப் பற்றிச் சொன்னாள். அவளுக்குப் பேச்சு வராது, வரைந்துதான் பழக்கம். ஒரு தாளை இழுத்து வரைந்துகொண்டே சொன்னாள். "நுரைக்கு இருக்கிறது உங்க கணக்குக்கு இல்லை. நுரை இழுக்கும். ஒரு சுவர் இன்னொண்ணை இழுத்து, மூணும் சமமா வர்ற வரைக்கும் விடாது. உங்களுது அளக்குது, அளந்ததும் நின்னுடுது. புள்ளியைக் கொஞ்சம் இளக விட்டா போதும், அதுவே சரியாயிடும்."

"தெரியும்," என்றாள் இமோஜன் மெதுவாக. "அப்படி இளக விட எங்ககிட்ட வழி இருக்கு. நான்தான் வேண்டாம்னு வெச்சிருக்கேன். எங்க புள்ளியை எப்படி வேணா நகர்த்துவோம். அந்த இருநூத்திப் பன்னிரண்டு புள்ளி ஊர்க்காரங்களோடது. வீடு வாசல் போனவங்க. 'நீங்க ஒட்டின இடத்தை ஒரு அங்குலம் நகர்த்த மாட்டேன்'னு அந்த மண்டபத்துல நின்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

இத்தனை மாதமாக நோலீன் இந்தப் பெண்ணை மனசுக்குள் என்னவெல்லாமோ திட்டியிருக்கிறாள். அவள் யாருக்காகப் பிடிவாதமாக இருந்தாள் என்பது இப்போதுதான் தெரிகிறது.

"நாற்பத்தொண்ணு யாரோடது?"

பட்டியலைப் பார்த்தார்கள். பெர்சி லாகட், பால் பண்ணை, வாரிங்கல்.

"அவரையே கேட்டா என்ன?" என்றாள் நோலீன். "அரை அடி, ஒரு அடி தள்ளி உட்கார்ந்தா மனுஷன் செத்தா போயிடுவாரு?"

இமோஜன் போனை மேசை நடுவில் வைத்து எண்ணைத் தட்டினாள். ரொம்ப நேரம் அடித்த பிறகு ஒரு முதியவரின் குரல் வந்தது. பின்னால் மாடுகள் கத்தின.

"எந்தப் புள்ளி?" என்றார் பெர்சி லாகட்.

"கூட்டத்துல நீங்க ஒட்டினீங்களே, சிவப்பு ஸ்டிக்கர்."

"ஓ, அதுவா. அதுக்கு என்ன இப்போ?"

"நீங்க ஏன் அங்க ஒட்டினீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்று கேட்டாள் இமோஜன். அவள் குரலில் ஒரு பயபக்தி இருந்தது. கையில் பேனாகூட எடுத்து வைத்திருந்தாள்.

"எங்க வீட்டுக்காரி அவ தம்பி டெரன்ஸ் பக்கத்துல ஒட்டச் சொன்னா. எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவுல ரெண்டு பேரை விட்டு இந்தப் பக்கமா ஒட்டினேன். வேற ஒண்ணும் இல்லை."

இமோஜன் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எங்க வேணா தள்ளிக்கோங்கம்மா," என்றார் பெர்சி. "அவன் பக்கம் மட்டும் வேண்டாம்."

நோலீன் தாளைப் பார்த்தாள். டெரன்ஸின் அறை நாற்பத்து நான்கு. ஆப்பு போக வேண்டுமானால் பெர்சி டெரன்ஸ் பக்கமாகத்தான் போயாக வேண்டும், எழுபது சென்டிமீட்டர். நடுவில் நிற்கும் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் விலகிவிடுவார்கள். தொட்டியில் அந்தக் குமிழிகள் செய்தது போலத்தான்.

போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். "மிஸ்டர் லாகட், என் பேரு நோலீன். இரும்பு வரையிறவ. உங்களை அவர் பக்கமாத்தான் தள்ளணும். வேற வழி இல்லை. நீங்க ரெண்டு பேரும் ஒரு சுவரைப் பங்கு போட வேண்டியிருக்கும்."

பெர்சி யாரையோ, நாயைத்தான் போலிருக்கிறது, அதட்டினார்.

"சுவர் எவ்வளவு கனம்?"

"நூத்தம்பது மில்லிமீட்டர்."

"அவன் குரல் கேக்குமா?"

"நடுவுல பஞ்சு அடைக்கிறோம்," என்றாள் இமோஜன் அவசரமாக. "இன்னும் தடிமனா வேணும்னாலும் செய்யலாம்."

"வேண்டாம், அது போதும். வெள்ளத்துல என் மாட்டை எல்லாம் அவன்தான் மேட்டுக்கு ஓட்டினான். ஒரு சுவரைப் பங்கு போட்டுக்கலாம். பேசத்தான் முடியாது." பால் கறக்க நேரமாகிறது என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

இமோஜனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இப்படி இன்னும் எத்தனை இருக்கு?"

நோலீன் பையிலிருந்து தாளை எடுத்தாள். "இன்னும் இருபத்து மூணு."

ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் கடிதம் போயிற்று. ஒரு மாதத்தில் பதில்கள் வந்தன. ஒன்பது பேர் தங்கள் புள்ளியை அசைக்கக் கூடாது என்றார்கள். அவற்றை அப்படியே நட்டு வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் இளக விட்டாள் இமோஜன். சுவர்கள் நகர்ந்து, இழுத்து, தமக்குள் சமாதானமாகி நின்றன. கூர் மூலை ஒன்றுகூட இல்லை. இனி இந்த மாடலில் யார் கேட்டாலும் எதையும் தொட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டும் அனுப்பினாள்.

ஆனால் எல்லாச் சுவரும் நகர்ந்துவிட்டதே. பழைய டிராயிங் ஒன்றுகூட உதவாது. நானூற்று எழுபத்தாறையும் முதலிலிருந்து வரைய வேண்டும். சிட்னியிலிருந்து திரும்பிய அன்றே, ஹாக்ஸ்பரி ஆற்றுப் பாலத்தில் ரயில் போய்க்கொண்டிருந்தபோதே, நோலீனுக்கு அது உறைத்துவிட்டது.

"ஜெயிச்சுட்டு வந்த முகமா இது?" என்று கேட்டான் டிரெவர் அன்றைக்கு.

"ஜெயிச்சாச்சு. அதனால எல்லாத்தையும் மறுபடி வரையணும்."

டிரெவர் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு இருமலாகி, அவள் ஓடிப்போய் முதுகைத் தடவும்படி ஆயிற்று. மூச்சு வந்ததும், "உன் தலையில மண்ணை நீயே ரயில் ஏறிப் போய் வாங்கிட்டு வந்திருக்கே," என்றான்.

எட்டு மாதம் வரைந்தாள். நடுவில் குளிர்காலத்தில் டிரெவரை மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டியிருந்தது. மடிக்கணினியைக் கட்டிலோரச் சின்ன மேசையில் வைத்துக்கொண்டு, அவன் தூங்கும்போது வரைந்தாள். நர்ஸ் வந்து, "கொஞ்சம் வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டு வாங்களேன்" என்பாள். "இன்னும் ரெண்டு ஜாயின்ட்" என்பாள் நோலீன். அந்த இரண்டு ஒருநாளும் முடிந்ததில்லை. டிரெவர் தேறி வீட்டுக்கு வந்தான், முன்னைவிடப் பெரிய மெஷினோடு. கீழே பட்டறையில் தவிதா ஒவ்வொன்றாகப் பற்றவைத்துக்கொண்டே வந்தான். ஒரு டிராயிங்கைக்கூட மாடிக்குத் திருப்பிக் கொண்டுவரவில்லை. அவள் அதற்கு மேல் பாராட்டு எதிர்பார்க்கிறவள் இல்லை.

அதற்கு அடுத்த வருஷம் செப்டம்பரில் நூலகத்தைத் திறந்தார்கள். டிரெவரால் அவ்வளவு தூரம் வர முடியவில்லை. அவன் தங்கை வந்து கூட இருந்தாள். நோலீன் தவிதாவின் வண்டியில் போனாள். மேயர் பேசினார், அமைச்சர் பேசினார். இமோஜன் பேசும்போது பட்டறையின் பெயரைச் சொல்லி இவர்கள் பக்கம் கையைக் காட்டினாள். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள்.

கூட்டம் கேக் பக்கம் போனதும் நோலீன் உள்ளே நுழைந்தாள். நடைவழி ஒவ்வோர் அறையையும் தொட்டுக்கொண்டு வளைந்து வளைந்து போயிற்று. எங்கே நின்றாலும் அடுத்த அறை பாதி தெரிந்தது, பாதி மறைந்தது. தூண்களின் தலையில் தவிதாவின் வேலை பளிச்சென்றிருந்தது. பெருமை வரும் என்று நினைத்திருந்தாள். கால் வலிதான் வந்தது. காலியாக இருந்த ஓர் அறையில் மெத்தை போட்ட பெஞ்சைக் கண்டதும் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, சுவரில் சாய்ந்தாள். சுவர் முதுகுக்கு இதமாக வளைந்து கொடுத்த மாதிரி இருந்தது. கண்ணை மூடியது மட்டும்தான் தெரியும்.

யாரோ தோளைத் தொட்டார்கள். வலது தோள், வலித்தது. எழுபது வயதுப் பெண் ஒருத்தி, கையில் ஒரு புத்தகத்தோடு நின்றாள்.

"எழுப்புறதுக்கு மன்னிக்கணும்," என்றாள் அந்தப் பெண். "இது என்னோட இடம். நான் ஒட்டினது."

"எத்தனையாம் நம்பர்?"

"நூத்தி முப்பது."

நோலீனுக்கு நினைவிருந்தது. அசைக்கக் கூடாது என்று எழுதிய ஒன்பது பேரில் ஒருத்தி. இந்த அறையை மட்டும் நட்டு வைத்துக்கொண்டு சுற்றிலும் இருந்தவற்றைச் சரிக்கட்ட ஒரு வாரம் ஆயிற்று. அவள் எழுந்து, ஷூவை மாட்டிக்கொண்டு, பெஞ்சை விட்டுக்கொடுத்தாள். அந்தப் பெண் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.

வெளியே தவிதா இறைச்சி அடைத்த இரண்டு பேஸ்ட்ரி வாங்கி வைத்திருந்தான். வண்டியில் சாய்ந்து நின்று தின்றார்கள்.

"மீன்காட்சியகம் ஒண்ணு வருதாமே, ஆன்ட்டி. கூரை முழுக்க இதே மாதிரியாம். கிராண்ட் உங்ககிட்ட கேக்கச் சொன்னான்."

"வைக்கோல் கொட்டகை எதுவும் வரலையா?"

"அதுவும் வருது. நாலு மூலை, ஒரு கதவு."

"அதை நான் எடுத்துக்குறேன்னு சொல்லு. வாரத்துக்கு மூணு நாள் வர்றேன்." கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினாள். நெடுஞ்சாலையைத் தொடுவதற்குள் தூங்கிவிட்டாள். தவிதா ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டினான்.